அத்தைக்குக் கேட்ட சத்தம்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ‘கனம்’ என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. அரிசி மூட்டை கனமாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது. பள்ளிக்கூடப் பை கனக்கிறது என்று சிணுங்கக்கூடாது. அடைமழை பெய்தாலும் கனமழை என்று வாய் தவறி வந்துவிடக்கூடாது. தடை போட்டவர் அப்பா. தடைக்குக் காரணம் அவருடைய கார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே பிரிந்து போகும் செம்மண் சாலையின் கோடியில், ரப்பர்ப் பால்மரக் காட்டுக்கு நடுவே இருந்தது எங்கள் தோட்டம். அப்பா தோட்டத்து லாரி டிரைவர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் கார் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது என்று சொன்னால் ஏதோ வசதியான குடும்பம் என்று நினைப்பீர்கள். அது ஈப்போவில் யார் யாரோ ஓட்டிச் சலித்து, கைமாறிக் கைமாறிக் கடைசியில் அப்பாவின் தலையில் கட்டப்பட்ட ஜப்பான் கார். வெளிர்நீல நிறம். இடது பக்கப் பின்கதவை உள்ளே இருந்து திறக்க முடியாது. வெளியே இருந்து யாராவது திறந்துவிட வேண்டும். அந்தப் பதவியில் இருந்தவள் நான். கார் எங்கே நின்றாலும் முதலில் குதித்து ஓடிப் போய்க் கதவைத் திறந்துவிடுவேன். திறந்தால் உள்ளே அத்தை இருப்பாள்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள். தோட்டத்து ஆயாக் கொட்டாயில் அவளுக்குப் பிள்ளை பார்க்கிற வேலை. விடியும் முன்னே பால் வெட்டப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்களில் எது முதலில் அழப்போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். குழந்தை சிணுங்குவதற்கு முன் மூச்சு மாறுமாம், அது கேட்குமாம். லயத்தில் பாதிப் பேர் அவள் மடியில் கிடந்து வளர்ந்தவர்கள். அப்பாவும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். தாய் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்ததும் அவளே.

அத்தை பெரிய ஆள். உயரமும் உண்டு, அகலமும் உண்டு. சிரித்தாள் என்றால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுத்த வீட்டுக்காரர்களும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரிப்பார்கள். தன் உடம்பைப் பற்றி அவளே கேலி பேசுவாள். மற்றவர்கள் பேசினாலும் சிரிப்பாள். அதனால் அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருந்தது. கொட்டாய்க்குப் போகிற வழியில் மரத்தில் பால் பிடிக்கிற மங்கு ஒன்றின் உடைந்த சில்லு வலது பாதத்தில் குத்தியது. சின்னக் காயம்தான். அது ஆறுவேனா என்று அடம் பிடித்தது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, இது தன் கைக்கு அடங்காது, வாராவாரம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுத்தம் செய்து மருந்து கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அத்தையின் வீட்டுக்காரரும் முன்பு இதே வியாதியோடு, இதே போலக் காலில் கட்டோடு, அதே ஆஸ்பத்திரிக்குப் போனவர். போனது பஸ்ஸில். திரும்பி வந்தது வேனில், படுத்த நிலையில். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதை. எனக்குத் தெரிந்த மாமா சுவரில் மாலை போட்ட ஒரு படம்.

அப்பா வாரந்தோறும் அத்தையைக் காரில் அழைத்துப் போனார். அத்தை பின்சீட்டில் ஏறியதும் காரின் பின்பக்கம் இறங்கும். செம்மண் சாலையின் பள்ளங்களில் புகைக்குழாய் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். பழைய பட்டைகள் தளர்ந்து போய்விட்டன என்று அப்பா கண்டுபிடித்தார். பின் சக்கரங்களுக்கு மேலே, நீள நீளமான இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அந்தப் பட்டைகள்தான் காரின் பாரத்தைத் தாங்குபவை. ஈப்போவுக்குப் போய்ப் புதுப் பட்டைகள் வாங்கி வந்தார். கம்பெனிச் சாமான் இல்லை, தைவான் சாமான். ஆனால் கம்பெனிச் சாமானைவிட உறுதி என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாராம். அதோடு குலுக்கலைத் தாங்குகிற புது அப்சோபர், பட்டையின் இரு முனை வளையங்களுக்குள்ளும் வைக்கிற புது ரப்பர் புஷ்கள், இன்னும் உறுதிக்காக ஒரு தகடு கூடுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்புத்தான் மரத்தடியில் வேலை நடந்தது. அப்பாவும், தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிற அடுத்த வீட்டு அண்ணனும் காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டைகள் மேல் நிறுத்தினார்கள். சக்கரங்கள் காற்றில் தொங்கின. புதுப் பட்டைகளை மாட்டி, ஒவ்வொரு நட்டையும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். அப்பாவுக்கு எதையும் அரைகுறையாக முறுக்கத் தெரியாது. சாயங்காலம் காரைக் கீழே இறக்கியபோது அது வாலைத் தூக்கிக்கொண்டு சேவல் மாதிரி நின்றது. லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற செவ்வாய்க்கிழமை அத்தை புதுச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். நான் கதவைத் திறந்தேன். அவள் உட்கார்ந்ததும் காரின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துருப்பிடித்த கதவும் பழைய கட்டிலும் சேர்ந்து முனகினால் எப்படி இருக்கும், அப்படி. நீளமாக, இழுத்து, கடைசியில் ஒரு விக்கலோடு நின்றது. அத்தை நகர்ந்து உட்கார்ந்தாள். மறுபடியும் அதே சத்தம். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கதவைத் திறக்கச் சொல்லி, மெல்ல இறங்கி நின்றாள்.

“நான் உக்காந்தா காரு அழுவுதுடா தம்பி. இதுல நான் வரல.”

அவ்வளவுதான். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். பஸ் ஏறப் பெரிய சாலை வரை நடக்க வேண்டும். புண் காலோடு அது ஆகிற காரியமா? அந்த வாரம் போகவில்லை. ஊரிலிருந்து டாக்சி வரவழைக்கிறேன் என்று அப்பா சொன்னார். கண்டவன் காரில் தான் ஏறுவதாக இல்லை என்று பதில் வந்தது. தோட்டத்து வேனில் போகலாம் என்று அம்மா சொன்னாள். பிணம் ஏற்றுகிற வண்டி என்றாள் அத்தை. போனால் தம்பி காரில்தான் போவாளாம், அதுவும் சத்தம் நின்ற பிறகுதான் ஏறுவாளாம். அடுத்த வாரமும் போகவில்லை. டிரெசர் வீட்டுக்கே வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்பாவைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். இன்னும் தள்ளிப்போட்டால் புண்ணைப் பற்றியல்ல, காலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்றாராம். அன்றைக்குத்தான் அப்பா ‘கனம்’ என்ற சொல்லுக்குத் தடை போட்டார். சிரித்ததற்காக எனக்கு முதுகில் ஒன்று வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றி ரம்புத்தான் கிளையில் மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் போனார்.

ஒன்று வேண்டாம் என்றால் அத்தைக்கு வேண்டாம்தான். அப்பாவும் அதே வயிற்றில் பிறந்தவர்.

காலியாக இருக்கும்போது கார் சத்தம் போடாது. எவ்வளவு ஆட்டினாலும் ஊமைதான். பிள்ளைகளைப் பின்சீட்டில் அடைத்துப் பார்த்தார். லேசாக முனகியது. எங்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். வெளியே நின்ற பிள்ளைகள் இடம் கேட்டு அழுதார்கள். தோட்டத்து ஸ்டோரிலிருந்து உர மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கி, மேலே அம்மாவையும் உட்கார வைத்தபோதுதான் அசல் சத்தம் வந்தது. அந்த மூட்டைகளுக்கு நாங்கள் ரகசியமாக ஒரு பெயர் வைத்திருந்தோம். அத்தை காதில் விழுந்தால் நான் செத்தேன் என்பதால் அதை இப்போதும் எழுதப்போவதில்லை.

அப்பா நீளமான திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு நட்டிலும் அழுத்தி, அம்மாவை ஆடச் சொல்லிக் கேட்டார். அம்மா உர மூட்டை மேல் உட்கார்ந்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், அரிசி புடைக்கிற மாதிரி ஆடினாள். முதலில் சீட்டின் சுருள்கம்பிகள் மேல் சந்தேகம் விழுந்தது. சீட்டையே கழற்றிக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, மூட்டைகளைத் தரைத்தகட்டில் வைத்துப் பார்த்தார். சத்தம் அப்படியே இருந்தது. அப்சோபர்களைக் கழற்றினார். சத்தம் போகவில்லை. புகைக்குழாயைக் கம்பி போட்டுக் கட்டினார். அதுவும் குற்றவாளி இல்லை. ஒவ்வொன்றாக விடுதலை செய்துகொண்டே வந்தபோது, கடைசியில் மிஞ்சியவை பட்டைகளின் முனைகள்.

லாரிப் பட்டையின் முனைகளுக்கு வாரம் தவறாமல் கிரீஸ் வைப்பது அப்பாவின் வழக்கம். கை பழகிய பழக்கம் யாரைக் கேட்டு வருகிறது? கார் பட்டையின் முனைகளிலும் கிரீஸை அப்பி, போகாத இடுக்குக்குள் அம்மாவின் தேங்காய் எண்ணெயையும் ஊற்றினார். சத்தம் பட்டென்று நின்றது. அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். உடனே கிளம்பலாம் என்று அத்தையிடம் சொன்னபோது, செவ்வாய்க்கிழமை வரட்டும், அவசரம் என்ன என்றாள். செவ்வாய்க்கிழமை வந்தது. சத்தமும் திரும்பி வந்தது, முன்னைவிடக் கரகரப்பாக. லாரிப் பட்டையின் முனைக்குள் இருப்பது இரும்பு புஷ், காருக்குள் இருப்பது ரப்பர் புஷ். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பிப் பிசுபிசுத்துப் போயிருந்தது.

அடுத்த வீட்டு அண்ணன் அதை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“ஏண்ணே, ரப்பர் தோட்டத்துல பொறந்துட்டு ரப்பருக்கு எண்ணெ விட்டீங்களா? வெளிய சொல்லிறாதீங்கலா.”

வெளியே சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீடு வரை போய்விட்டது. இளவயதில் ஸ்டோரில் ரப்பர் ஷீட் காயப்போடும் வேலை பார்த்தவர் அப்பா. எண்ணெய்க் கையோடு ஷீட்டைத் தொட்டவர்களை விரட்டி விரட்டித் திட்டியவர். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. மீன் முள்ளைக்கூட மிகக் கவனமாக எடுத்து வைத்தார்.

மறுபடியும் ஈப்போ, மறுபடியும் புது ரப்பர். இந்த முறை பழையதைக் கழற்றும்போது, காரை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்னாலேயே, அது தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்தினார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். கார் ஏதோ பெருமூச்சு விட்டது போல விரற்கடை இறங்கியது. அப்பா அப்படியே படுத்துக் கிடந்தார். என்னவோ ஆகிவிட்டது என்று நான் குனிந்து பார்த்தேன். அவர் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்க நட்டையும் தளர்த்தினார். அங்கேயும் ‘டொக்.’

பிறகு வெளியே வந்து, அடுத்த வீட்டு அண்ணனை வேலியோரம் கூப்பிட்டு விளக்கினார். சக்கரம் காற்றில் தொங்கும்போது முறுக்கியதுதான் தப்பு. தொங்குகிற நிலையிலேயே ரப்பரை இறுக்கிக் கட்டிப்போட்டாயிற்று. காரைத் தரையில் இறக்கியதும் பட்டை வளைகிறது, ரப்பரோ வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஆள் ஏறினால் இன்னும் முறுகுகிறது, கத்துகிறது. முதலில் பாரத்தை இறக்க வேண்டும், பிறகுதான் முறுக்க வேண்டும். இதைச் சொல்லி முடித்துவிட்டு, தான் போட்ட தடையைத் தானே மீறினார்.

“கனத்து மேல குத்தமே இல்லடா. நான் முறுக்குன நேரந்தான் குத்தம்.”

சத்தமாகவே சொன்னார், வீட்டுக்குள் இருக்கிற அத்தைக்குக் கேட்க வேண்டும் என்று. சன்னலுக்குப் பின்னால் அத்தை இருந்தாள். எனக்குத் தெரியும்.

புது ரப்பரைப் போட்டு, காரைத் தரையில் இறக்கி, மூட்டைகளை ஏற்றி, அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து, அப்பா அடியில் புகுந்து முறுக்கினார். எழுந்து காரைப் பிடித்து ஆட்டினார். ஒன்றும் இல்லை. ஏறிக் குதித்தார். ஒன்றும் இல்லை. அன்று மாலை லயத்தில் ஆசைப்பட்டவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு மாரியம்மன் கோயில் வரை போய் வந்தார். வழியில் இருக்கும் பள்ளங்கள் ஒவ்வொன்றையும் தேடித் தேடி இறக்கினார். கார் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை அத்தை வந்தாள். கட்டுப் போட்ட காலை ஊன்றாமல், அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டின் மேல் ஈ மொய்த்தது. நான் கதவைத் திறந்தேன். அவள் உட்கார்ந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கோழி கொத்துகிற சத்தம்கூடக் கேட்டது, காரிலிருந்து எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் முகம் மலர ஆரம்பித்தது. அத்தை தலையைச் சாய்த்தாள், தொட்டில்களைக் கேட்கிற மாதிரி.

“கேக்குதுடா. மெதுவா. அடியிலேருந்து.”

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கேட்கவில்லை என்று தலையாட்டினேன். அடுத்த வீட்டு அண்ணனுக்கும் கேட்கவில்லை. ஆனால் அத்தையின் காது எப்படிப்பட்டது என்று தோட்டத்துக்கே தெரியும். குழந்தையின் மூச்சு மாறுவதைக் கேட்கிற காதுக்கு முன்னால் எங்கள் காதெல்லாம் எம்மாத்திரம்? அப்பா ஒரு சொல்கூட மறுத்துப் பேசவில்லை. சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒன்றுமே கெட்டுப்போகாத காரை அப்பா நட்டு நட்டாகப் பிரித்தார். வேலை முடிந்து லாரியை விட்டு இறங்கியதும் நேராக அங்கேதான் வருவார். சோற்றுத் தட்டை அம்மா கார் கூரை மேல் வைத்துவிட்டுப் போவாள். பட்டைத் தகடுகளுக்கு நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருகினார். கதவின் கீல்களைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொன்றும் முடிந்ததும் அத்தையை அழைத்து உட்காரச் சொல்வார். அத்தை உட்காருவாள், தலையைச் சாய்ப்பாள், கேட்கிறது என்பாள். அப்பா சரி அக்கா என்பார். ஒரு நாள் அம்மா கையில் கரண்டியோடு வாசலில் நின்று, அத்தையின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை ஏறிட்டுப் பார்த்ததும் அம்மா உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் காரில் ஒன்றும் இல்லை என்று அவள் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

“அக்காவுக்குக் கேக்குதே,” என்றார் அப்பா.

அவருக்கு இருந்த ஒரே குறை, அக்காவுக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லையே என்பது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா மேலே உட்கார்ந்திருக்கும்போது, சரியாக அதே நேரத்தில், தன் காது பட்டைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்கிவிடும், பாரம் பட்டையில் ஏறாது. எனவே வெட்டிப்போட்ட ரப்பர் மரத்துண்டுகள் இரண்டைப் பின் சக்கரங்களுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் காரைப் பின்னோக்கி ஏற்றினார். உயரமும் கிடைத்தது, பாரமும் சக்கரத்தில் இருந்தது. கெட்டிக்கார யோசனைதான். முந்தின நாள் முழுக்க மழை பெய்து மண் ஊறியிருந்ததை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அத்தையைப் பிடித்து ஏற்றுவதற்கு ஆள் தேவைப்பட்டது. ஏற்றினோம். நான் கதவைச் சாத்தினேன். அப்பா மல்லாந்து அடியில் நகர்ந்து போனார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆடு அக்கா என்று அடியிலிருந்து குரல் வந்தது. அத்தை லேசாக ஆடினாள். கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, இன்னும் நல்லா ஆடு என்றார். அத்தை ஆடினாள்.

இடது பக்கத்து மரத்துண்டு மண்ணுக்குள் சாய்ந்தது. அது சாய்வதை நான் பார்த்தேன். சக்கரம் வழுக்கி இறங்கியது. வலது பக்கமும் அதோடு போனது. கார் மெதுவாக, யாரோ உட்காருவது போல, அப்பா மேல் உட்கார்ந்தது.

அப்பாவின் கால்கள் ஒரு முறை மண்ணை உதைத்தன. அதன்பிறகு அசையவில்லை.

அத்தை கத்தினாள். அவள் குரல் அப்படிப் போய் நான் கேட்டதே இல்லை. தம்பி, தம்பி என்று மட்டும்தான். உள்ளே இருந்து அந்தக் கதவைத் தட்டினாள், தள்ளினாள், பிடியை முறுக்கினாள். அது திறக்காத கதவு. திறந்துவிட வேண்டியவள் நான். நான் மரம் மாதிரி நின்றேன். லயத்தில் இருந்த ஆண்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். அத்தையை இறக்க யாருக்கும் நேரம் இல்லை. பம்பரில், சக்கர வளைவில், எங்கெங்கே பிடி கிடைத்ததோ அங்கெல்லாம் கை கொடுத்து, ஒரே மூச்சில் தூக்கினார்கள். அத்தை உள்ளே உட்கார்ந்திருக்க, அவளோடு சேர்த்துத்தான் தூக்கினார்கள். அவள் தொட்டில் ஆட்டி வளர்த்த பையன்கள். யார் வாயிலிருந்தும் ஒரு கேலியும் வரவில்லை. அடுத்த வீட்டு அண்ணன் அப்பாவின் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தார்.

மண்ணும் கிரீசும் ரத்தமுமாக அப்பா வெளியே வந்தார். தோள்பட்டை கிழிந்திருந்தது. காதுக்கு மேலே ஒரு வெட்டு. கொஞ்ச நேரம் மூச்சு விடத் தெரியாதவர் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். பிறகு இருமினார். ஊறிய மண் மரத்துண்டைக் கவிழ்த்தது, ஆனால் அதே ஊறிய மண்தான் அவரை உள்வாங்கிக்கொண்டு காப்பாற்றியது என்று பின்னால் சொன்னார்கள். எழுந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் தேடியது அத்தையைத்தான்.

“அக்கா, ஆடுனியே, இப்ப எந்தப் பக்கம் கேட்டுச்சு?”

அதற்குள் யாரோ அந்தக் கதவைத் திறந்திருந்தார்கள். அத்தை இரண்டு கால்களையும் வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். புண் காலின் கட்டு அவிழ்ந்து மண்ணில் கிடந்தது. அவள் அப்பாவின் காதுக்கு மேலிருந்து வழிகிற ரத்தத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டி அவர் காயத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு வழியாகச் சொன்னாள்.

“இல்லடா. கேக்கல. காலையில ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அப்பா சிரித்தார். ரத்தம் வழிய, பல்லெல்லாம் மண்ணாக, அப்படி ஒரு சிரிப்பு. விழுந்ததில் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். டிரெசர் வந்து தையல் போடும்போதுகூட அதையே சொன்னார்.

காலையில் அப்பா ஒரு கையாலேயே கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் ஏறினார். மற்ற கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் இருந்தது. இப்படி ஓட்டக்கூடாது என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். கியர் மாற்ற அடுத்த வீட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி ஒரு டிரைவரும் அப்படி ஒரு கிளீனரும் ஈப்போ சாலையில் அதற்கு முன்னும் பின்னும் போயிருக்க மாட்டார்கள். பின்சீட்டில் ஏற்கனவே அம்மாவும், நடுவில் நானும். அத்தை வந்தாள். சத்தம் வந்த முதல் நாளில் உடுத்தியிருந்த அதே சேலை. வெளியே இருந்த யாரோ கதவைப் பிடித்துக்கொள்ள, தலையைக் குனிந்து உள்ளே வந்து, மெதுவாகத் தன்னை இறக்கினாள்.

கார் முனகியது.

பொய்யில்லை. நீளமாக, இழுத்து, முதல் நாள் கேட்டதைவிட நன்றாகவே முனகியது. கீழே விழுந்ததில் எதுவோ கோணிக்கொண்டிருக்க வேண்டும். அப்பாவின் தலை சட்டென்று திரும்பியது. அடுத்த வீட்டு அண்ணன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். அத்தை சேலையைச் சரிசெய்தாள். அதற்கும் ஒரு முனகல்.

“சத்தம் இல்லடா. எடு.”

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை நாளும் கேட்காததைக் கேட்கிறது என்றாள். இப்போது காது கிழிகிற மாதிரி கேட்கிறதைக் கேட்கவில்லை என்கிறாள். கேட்குதே அத்தை என்று நான் வாயைத் திறந்த நொடியில், அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளை அவள் என் ஆயுளில் எனக்கு வைத்ததில்லை. உண்மையைச் சொன்னதற்கு ஏன் கிள்ளு வாங்க வேண்டும் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா கொஞ்ச நேரம் முன்கண்ணாடியையே பார்த்தபடி இருந்தார். எந்தச் சத்தத்தையும் விடாமல் துரத்திய மனிதர், அன்று இறங்கவில்லை. சாவியைத் திருப்பினார்.

ஈப்போ வரைக்கும் பள்ளத்துக்குப் பள்ளம் அந்தக் கார் அழுதுகொண்டே போனது. பால்மரங்கள் முடிந்து கடைகள் வந்தபோது, அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நல்லா ஓடுது என்றாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். கிள்ளின இடத்தைத் தடவிக்கொண்டே நான் தீவிரமாக யோசித்துக்கொண்டு வந்தேன். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. நேற்று கார் விழுந்த அதிர்ச்சியில் அத்தைக்குக் காது போய்விட்டது. பாவம், அது அவளுக்கே தெரியவில்லை. பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். அத்தை ஏறி உட்கார்ந்தாள். அந்த நாற்காலியும் முனகியது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தாதி கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டாள். அப்பா கார் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அத்தை, வரப் பயந்துகிட்டு இருந்தேன்மா என்று மெதுவாகச் சொன்னாள். காரைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். புண் அதற்கு மேல் ஏறவில்லை. அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்தாள், உட்கார்ந்த நிலையிலேயே, அந்தக் காரிலேயே. பிறகு பல வருடங்கள் இருந்தாள், சிரித்தாள், தோட்டத்தை விற்று எங்களை எல்லாம் வெளியே அனுப்பும்போதும் அந்தக் காரில்தான் ஈப்போவுக்கு வந்தாள். அப்பா கடைசி வரை அந்தச் சத்தத்தைச் சரிசெய்யவே இல்லை.

ஆனால் அன்று அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாற்காலியைத் தாதி உள்ளே தள்ளத் திரும்பியபோது, அத்தை கழுத்தைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா நல்ல கையைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் அழுதுவிடுவார்கள் போல நின்றார்கள். சொல்ல வேண்டியதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. நான் ஓடிப்போய்த் தாதியின் வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். காலை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், அத்தைக்குக் காதும் கேட்கவில்லை, அதையும் பாருங்கள் என்று மிகுந்த பொறுப்போடு சொன்னேன்.